இயற்கைக்கு அரிவாள் தேவைப்படவில்லை

தாமிரபரணி ஆற்றில் மட்டுமே வாழும் ஒரு சின்னஞ்சிறு கெண்டை மீன் இருக்கிறது. மீனியல் அறிஞர் இ.ஜி. சைலாஸ் 1954இல் அதை முதன்முதலாக விவரித்து எழுதினார். அப்போது அதைத் தனிச் சிற்றினமாக அவர் கருதவில்லை. 'புண்டியஸ் அருலியஸ்' என்று ஏற்கெனவே அறியப்பட்டிருந்த மீனின் துணைச் சிற்றினமாக வைத்து, நம் ஆற்றின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னால் வந்தவர்கள் இது தனிச் சிற்றினம்தான் என்றார்கள். 2012இல் இலங்கை ஆய்வாளர் ரோகன் பெத்தியகொடவும் அவருடைய சகாக்கள் இருவரும் புண்டியஸ் என்ற பேரினத்தையே பிரித்துப் புதிதாக அடுக்கினார்கள். அதில் இந்த மீன் 'டாக்கின்சியா' என்ற புதிய பேரினத்துக்குப் போனது. இப்போது அதன் பெயர் டாக்கின்சியா தம்பிரபர்ணியேய்.

அறுபது ஆண்டுகளுக்குள் மூன்று பெயர், மூன்று இடம். மீன் அதே மீன்தான். அதை எங்கே வைப்பது என்ற நம் அறிவுதான் மாறியது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதித்தார், ஆதாரம் வேறாக இருந்தது, மாற்றி எழுதினார்கள். 'எங்கள் முன்னோர் வைத்த பெயரை எப்படி மாற்றலாம்' என்று யாரும் அரிவாளோடு வரவில்லை.

நாங்கள் சமூகப் பணியாளர்கள். உயிரியல் எங்கள் துறை அல்ல. ஆனால் ஆற்றங்கரைக் கிராமங்களின் சேரிகளில் மாலை வகுப்பு நடத்தும்போது எல்லாப் பாடமும் எங்கள் தலையில்தான் விழும். பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகம் வகைப்பாட்டிலிருந்து தொடங்குகிறது: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். பிள்ளைகள் இதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்வார்கள். ஒருநாள் ஒரு பெண் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "யக்கா, மனுசங்க எல்லாரும் ஒரே ஸ்பீசிஸுன்னு போட்டிருக்கு. பெறவு எதுக்கு நம்மள மட்டும் தனித் தெருவுல வச்சிருக்காவ?"

பக்கத்தில் இருந்த பையன் உடனே, "ஏளா, சாதின்னாலே ஸ்பீசிஸ்தான?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழில் அந்தக் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. சாதி மல்லி என்கிறோம், நல்ல சாதி மாடு என்கிறோம், அதே வாயால் 'நீ என்ன சாதி' என்றும் கேட்கிறோம். செடியையும் மாட்டையும் மனிதனையும் ஒரே சொல்லால் பிரித்துப் பழகியவர்களுக்கு, சாதியும் இயற்கை செய்த பிரிவுதான் என்று தோன்றுவதில் வியப்பில்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. உயிர்களை மனிதர்கள் எப்படியெல்லாம் வகைப்படுத்தி வந்தார்கள் என்ற வரலாற்றோடு சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

தமிழில் தொடங்க வேண்டுமென்றால் தொல்காப்பியத்தின் மரபியலில் தொடங்க வேண்டும். அங்கே உயிர்கள் அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பிரிக்கப்படுகின்றன. தொடு உணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவு. நத்தையும் சிப்பியும் ஈரறிவு. கறையானும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நாலறிவு. விலங்குகள் ஐயறிவு. மனம் உள்ள மனிதர் ஆறறிவு. புலன்களைக் கொண்டு உயிர்களை அடுக்கலாம் என்று யோசித்த அந்த மூளை சாதாரணமானதல்ல. ஆனால் இது ஓர் ஏணி. கீழே புல், உச்சியில் மனிதன்.

அதே மரபியலில் இன்னொரு பகுப்பும் இருக்கிறது. வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தவை புல், உள்பக்கம் வைரம் பாய்ந்தவை மரம். இந்தக் கணக்கில் பனை, மரமே அல்ல, புல். நம் தேரிக்காட்டுப் பக்கம் பனை அறுத்தவர்களைக் கேட்டால் இது உண்மை என்பார்கள். பனையில் கைமரம் எடுப்பது வெளிப்பக்கத்து வைரத்தில்தான். நடுவே இருப்பது வெறும் சோற்றுப் பகுதி. இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற ஒரே பெரும் பிரிவில்தான் வைக்கிறது. இந்தப் பகுப்பில் மேல் கீழ் கிடையாது. வெட்டிப் பார்த்தவர்களின் அறிவு அது.

இதே மரபியல்தான் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்று மனிதரையும் நான்காகப் பிரித்து, யாருக்கு எது உரியது என்று சொல்கிறது. அந்தப் பகுதி இடைச்செருகல் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் செருகியவருக்கு இடம் தெரிந்திருக்கிறது. புல்லும் எறும்பும் நண்டும் வரிசையாக நிற்கும் இயலில் கொண்டுபோய் வருணத்தையும் வைத்தால், அதுவும் நண்டைப் போல, எறும்பைப் போல இயற்கையில் உள்ளது என்ற தோற்றம் தானாக வந்துவிடும்.

ஐரோப்பாவிலும் கதை வேறல்ல. அரிஸ்டாட்டில் உயிர்களைக் கீழிருந்து மேலாக அடுக்கினார். கிறித்தவ மதம் அதன் உச்சியில் தேவதூதர்களையும் கடவுளையும் சேர்த்து ஏணியை நீட்டியது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735இல் 'சிஸ்டமா நேச்சுரே' நூலை வெளியிட்டார். 1753இல் தாவரங்களுக்கும், 1758இல் வந்த அந்நூலின் பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கும் இரு சொல் பெயரிடும் முறையை நிலைநிறுத்தினார். நாம் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். மனிதனைக் குரங்குகளோடு ஒரே வரிசையில் வைக்கும் துணிச்சலும் அவருக்கு இருந்தது.

ஆனால் அதே புத்தகத்தில் அவர் மனிதனை நான்காகவும் பிரித்தார். அமெரிக்கன் சிவப்பு, ஐரோப்பியன் வெள்ளை, ஆசியன் மஞ்சள், ஆப்பிரிக்கன் கறுப்பு. நிறத்தோடு நிறுத்தவில்லை. குணத்தையும் எழுதினார். ஐரோப்பியன் சட்டத்தால் ஆளப்படுகிறான், ஆசியன் கருத்துகளால், ஆப்பிரிக்கன் மனம்போன போக்கால். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காலடி வைக்காத ஒருவர் எழுதியது இது. பூவின் மகரந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து வகுப்புப் பிரித்தவர், மனிதனிடம் வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டுக் கேள்விப்பட்டதை எழுதினார். வகைப்படுத்துபவர் எந்த இடத்தில் சோதிப்பதை நிறுத்துகிறார் என்று கவனிக்க வேண்டும். முன்முடிவு அங்கிருந்துதான் நுழைகிறது.

லின்னேயஸுக்கு ஆசியத் தாவரங்கள் எங்கிருந்து கிடைத்தன? அவர் பெரிதும் நம்பிய நூல்களில் ஒன்று 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தயாரித்து, 1678க்கும் 1693க்கும் இடையே ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அந்த நூலின் முதன்மைத் தகவலாளிகளில் ஒருவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். குடும்பத்தில் வழிவழியாக வந்த ஓலைச்சுவடிகளின் அறிவைக் கொடுத்ததாக அவர் 1675இல் கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த நூல் தாவரங்களை அடுக்கியிருக்கும் விதத்திலேயே ஈழவர்களின் வகைப்பாடு இருக்கிறது என்று வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ் வாதிட்டிருக்கிறார். கோயில் தெருவில் நடக்க அனுமதி இல்லாத சமூகத்தின் அறிவு, உலகத் தாவரவியலின் அடித்தளத்தில் இருக்கிறது.

அது மலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பாளையங்கோட்டையில், 1830களின் நடுவில், ராபர்ட் வைட் என்ற ராணுவ மருத்துவர் இருந்தார். குற்றாலத்திலும் சுற்றியுள்ள மலைகளிலும் தாவரங்களைச் சேகரித்தார். 1834இல் அவரும் ஆர்னாட்டும் வெளியிட்ட நூல், தீபகற்ப இந்தியாவின் தாவரங்களை லின்னேயஸ் முறையில் அடுக்கவில்லை. பூவின் ஓர் உறுப்பை மட்டும் எண்ணாமல், செடியின் பல பண்புகளைச் சேர்த்துப் பார்க்கும் 'இயற்கை முறை'யில் அடுக்கியது. லின்னேயஸ் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவருடைய முறை போதவில்லை என்றதும் மாற்றினார்கள். வைட்டின் நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். அந்தப் பேரினம் பின்னாளில் வேறொன்றோடு இணைக்கப்பட்டு, பெயர் வழக்கொழிந்தது. இவர்களுக்காவது பெயர் மிஞ்சியது. மலையேறிச் செடியைப் பிடுங்கி, அட்டைக்கடியோடு மூட்டை சுமந்து இறங்கிய பலரின் பெயர் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

அகத்தியமலையின் காணிகள் கதையும் நமக்குத் தெரிய வேண்டும். 'டிரைக்கோப்பஸ் செய்லானிகஸ்' என்ற செடிக்கு ஐரோப்பியத் தாவரவியல் 1788லேயே பெயர் வைத்துவிட்டது. சுமார் இருநூறு ஆண்டுகள் அது உலர்தாளில் ஒட்டிய ஒரு பெயராக இருந்தது. 1987இல் கேரளப் பக்கத்து மலையில் ஆய்வாளர்கள் களைத்துப்போய் நடந்தபோது, வழிகாட்டிகளாகச் சென்ற காணி இளைஞர்கள் ஒரு காயைத் தின்றபடி தெம்பாக நடந்தார்கள். அவர்கள் 'ஆரோக்கியப்பச்சை' என்று காட்டிய செடி அதுதான். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. வருமானத்தில் ஒரு பங்கு காணிகளுக்குச் சேர 1997இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. பெயர் வைத்தவரிடம் செடியின் முகவரி மட்டும் இருந்தது. செடியைத் தெரிந்தவர்கள் மலையில் இருந்தார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு பக்கம் காணிக் குடியிருப்புகளுக்குப் போகும் தோழர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். நாம் கற்றுக்கொடுக்கப் போவதைவிடக் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே அதிகம்.

இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் 1859. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்த ஆண்டு. அந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒரே படம், கிளை விட்டுப் பிரியும் ஒரு வரைபடம். எல்லா உயிர்களும் பொது மூதாதையிடமிருந்து கிளைத்தவை என்றால், வகைப்பாடு என்பது யார் உயர்ந்தவர் என்று அடுக்குவது அல்ல. யார் யாருக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று தேடுவது. ஏணி போய் மரம் வந்தது.

மாணவர்கள் பலர் இதைப் பரிணாமத்தில் 'மனிதன் உச்சிக்கு வந்தான்' என்று படித்து முடித்துவிடுகிறார்கள். அது பழைய ஏணிதான். மரத்தில் உச்சி கிடையாது. இன்று உயிரோடிருக்கும் புல்லும் எறும்பும் நாமும் ஆளுக்கொரு கிளை நுனியில் இருக்கிறோம். எல்லோருக்கும் பின்னால் இருக்கும் காலம் ஒன்றுதான். எறும்பு, மனிதனாக முடியாமல் பாதியில் நின்றுபோன உயிர் அல்ல.

மரமும் மாறிக்கொண்டே வந்தது. தாவரம், விலங்கு என்று இரண்டாக இருந்த உலகத்தை விட்டேக்கர் 1969இல் ஐந்தாக்கினார். அதுவரை செடிகளோடு வைத்துப் படித்த காளான் தனி உலகமானது. மரபணுவைப் பார்த்தபோது காளானுக்குச் செடியைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. 1977இல் கார்ல் வோசும் சகாக்களும் பாக்டீரியா என்று நினைத்திருந்த சில நுண்ணுயிர்கள் முற்றிலும் வேறு கிளை என்று காட்டினார்கள். 1990இல் உயிர்கள் மூன்று பேருலகங்களாகின. இவை எதுவும் எளிதாக நடக்கவில்லை. வோஸைப் பல ஆண்டுகள் பலரும் ஏற்கவில்லை. கடைசியில் ஆதாரம் வென்றது.

நம் மாவட்டத்துக்கே சொந்தமான உதாரணம் ஒன்று உண்டு. மலமிளக்கி மருந்துக்காகக் கரிசல் நிலத்தில் பயிரிடும் நிலாவாரையை உலகச் சந்தை 'டின்னவேலி சென்னா' என்று அழைக்கிறது. எகிப்திலிருந்து ஏற்றுமதியானது 'அலெக்சாண்டிரியா சென்னா'. துறைமுகம் வேறு, சீட்டு வேறு, விலை வேறு. தாவரவியலாளர்களும் இரண்டையும் தனித்தனிச் சிற்றினங்களாக எழுதி வைத்திருந்தார்கள். பிறகு சோதித்துப் பார்த்து, இரண்டும் ஒரே சிற்றினம் என்று சேர்த்துவிட்டார்கள். பெயர் சென்னா அலெக்சாண்டிரினா. மூட்டையில் ஒட்டிய சீட்டு வேறாக இருந்தால் உள்ளிருக்கும் செடி வேறாகிவிடாது.

மரம் வந்த பிறகும் ஏணியை விடாதவர்கள் இருந்தார்கள். டார்வின் எழுதி 42 ஆண்டுகளுக்குப் பின், 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, இந்தியச் சாதிகளைச் சமூக மதிப்பின் வரிசையில் அடுக்க முயன்றார். மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அவர் கொள்கை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், கடல் உயிரிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளக்கத் தொடங்கினார். 1909இல் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளாக வந்தது. அதில் அவருக்குத் துணையாக இருந்த கே. ரங்காச்சாரி ஒரு தாவரவியலாளர். பிற்காலத்தில் தென்னிந்தியப் புற்களைப் பற்றிய கையேடு எழுதினார். சமூகவியல் முதுகலை படித்தபோது நாங்கள் தர்ஸ்டனை மேற்கோள் நூலாகத்தான் படித்தோம். எங்கள் பாட்டன் பூட்டன் அதில் இருக்கிறார்கள்: உணவு, உடை, திருமணம், சாவு, மூக்கின் அளவு. புல்லுக்கு எழுதுவது போலவே ஒரு குறிப்பு. புல் திருப்பிப் பேசாது. அளக்கப்பட்ட மனிதர் என்ன சொன்னார் என்பது பதிவாகவில்லை.

வகைப்பாடு இப்படிச் சட்டமாகும்போது உயிரையே பறிக்கும். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், ஒருவன் பிறப்பாலேயே குற்றவாளி என்றது. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது நீங்கியது. தென் மாவட்டங்களில் தலித் அல்லாத சாதிகளும் அதில் சிக்கிச் சீரழிந்தன. பிறப்பு குணத்தைத் தீர்மானிக்கும் என்ற கருத்தால் தங்கள் முன்னோர் பட்ட அவமானத்தை அந்தச் சமூகத்து இளைஞர்கள் நினைவில் வைத்திருந்தால், அதே கருத்தை எங்கள் மேல் வீச அவர்களுக்குக் கை வராது.

அம்பேத்கர் இந்த அளவுக் கணக்குக்குப் பதில் சொன்ன விதம் நம் மாணவர்களுக்குப் பாடம். 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில், மூக்களவை வெறுமனே திட்டிவிட்டுப் போகவில்லை. அளவுகளை எடுத்து வைத்தார். பிராமணர் அளவையும் தீண்டப்படாதார் அளவையும் ஒப்பிட்டார். உங்கள் அறிவியலை நம்புவதாக இருந்தால் இருவரும் ஒரே இனம் என்றுதான் அது சொல்கிறது என்று காட்டினார். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலிலேயே, சாதி என்பது ஒரே இனத்து மக்களைப் பிரித்து வைத்த சமூகப் பிரிவினை என்று எழுதியவர் அவர்.

இப்போது சிற்றினம் என்றால் என்ன என்பதற்கு வருவோம். எர்ன்ஸ்ட் மயர் 1942இல் கொடுத்த விளக்கம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது: இயற்கையில் தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்து, மற்றக் கூட்டங்களிலிருந்து இனப்பெருக்கத்தால் பிரிந்திருப்பவை ஒரு சிற்றினம். பாக்டீரியா போன்றவற்றுக்கு இது பொருந்தாது, விவாதங்கள் உண்டு. ஆனால் மனிதருக்கு இந்தச் சோதனையை வைத்துப் பாருங்கள். தாமிரபரணியில் கெண்டையும் விராலும் ஒரே தண்ணீரில் கிடக்கின்றன. இரண்டும் கலந்துவிடாமல் இருக்க எந்த ஊர்க்கூட்டமும் காவல் நிற்கவில்லை. இயற்கை பிரித்ததைக் காக்க ஆள் வேண்டாம். சாதிக்கு மட்டும் ஆள் வேண்டும், தெருமுனையில் காவல் வேண்டும், அரிவாள் வேண்டும். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் மென்பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு அவருக்கிருந்த காதல். இரண்டு சாதிகளும் உண்மையிலேயே இயற்கையில் வேறு வேறாக இருந்திருந்தால் அந்தக் காதல் பிறந்தே இருக்காது. ஒவ்வொரு ஆணவப் படுகொலையும், சாதி இயற்கையானதல்ல என்று கொலைகாரர்களே கொடுக்கும் வாக்குமூலம்.

மரபணு ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்திய மக்கள் கூட்டங்கள் தங்களுக்குள் பெருமளவு கலந்தன. அதன் பிறகுதான் அகமணம் இறுகியது. கலப்பு முதலில், சுவர் பிறகு. இன்று சாதிகளுக்கிடையே மரபணுவில் காணும் சிறு வேறுபாடுகள், அந்தச் சுவர் நீண்ட காலம் நின்றதன் தழும்பு. தழும்பைக் காட்டிக் காயத்தை நியாயப்படுத்த முடியாது.

நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவை ஆய்வாளர்கள் காலில் வளையம் மாட்டி அனுப்பும் பறவைகளைப் பற்றி அங்கு வரும் மாணவர்களுக்குச் சொல்வோம். வளையம் எதற்கு? அந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய. வளையம் போட்ட பறவையை மற்றப் பறவைகள் ஒதுக்கி வைப்பதில்லை. அதே நெல்லைச் சீமையின் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் நிறம் நிறமாகக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். எந்த நிறம் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். 2023 ஆகஸ்டில் அதே நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுப்பது அவசியம். ஆனால் கயிறு சொல்லும் ஏணி மண்டைக்குள் இருக்கும்வரை அது வேறு வடிவில் திரும்பும். ஏணியை உடைக்கும் இடம் உயிரியல் வகுப்பு என்று நாங்கள் நம்புகிறோம்.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவையும் பல மாலைகளில் சொன்னோம். அவள் அடுத்த கேள்வியை வைத்தாள்: "அப்பம் கம்யூனிட்டி சர்டிபிகேட் மட்டும் எதுக்குக்கா? அதுவும் பிரிக்கத்தான செய்யுது?"

சாதி எதிர்ப்பு பேசும் எல்லோரிடமும் எதிர்த்தரப்பு கேட்கும் கேள்விதான் இது. அவர்கள் கேட்பது வாயடைக்க. இவள் கேட்டது அறிந்துகொள்ள. நாங்கள் சொன்ன பதில் இது. ஒரு வகைப்பாடு எதற்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களுக்கென்று ஒரு சிவப்புப் பட்டியல் இருக்கிறது. நம் தாமிரபரணிக் கெண்டையும் அதில் உண்டு. அந்தப் பட்டியல் 'இந்த மீன் தாழ்ந்தது' என்று சொல்லவில்லை. 'இதற்கு ஆபத்து நேர்ந்திருக்கிறது, பாதுகாப்பு தேவை' என்று சொல்கிறது. 1950இல் குடியரசுத் தலைவர் ஆணையாக வந்த பட்டியல் சாதிகளின் அட்டவணையும் அப்படித்தான். அது எங்கள் இயல்பைப் பதிவு செய்யவில்லை. எங்களுக்கு நேர்ந்ததைப் பதிவு செய்கிறது. இழைத்த கொடுமையை எழுதி வைக்காமல் நிவாரணம் கேட்க முடியாது.

அதனால்தான் அந்தப் பட்டியலை மாற்றவும் முடிகிறது. 2021இல் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தால் ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரில் சேர்த்தது. 2009இல் தமிழ்நாடு, பட்டியல் சாதிகளின் 18 சதவீதத்துக்குள் அருந்ததியர்க்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு தந்தது. உள்வகைப்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1இல் 6:1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உயிரியலிலும் சேர்ப்பவர்கள், பிரிப்பவர்கள் என்று இரு தரப்பு எப்போதும் உண்டு. நமக்குள்ளும் இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் புதிரை வண்ணாரை எண்ணிப் பாருங்கள். இதே திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் கண்ணில் படவே கூடாதவர்களாக வைக்கப்பட்டிருந்ததை 1930களின் தொடக்கத்திலேயே நாளிதழ் எழுதியது. தீண்டப்படாதவர்க்குத் துணி வெளுத்தவர்கள் அவர்கள். நமக்குள்ளும் ஏணி இருக்கிறது. அடிப்படியில் நிற்பவரின் பெயர் பட்டியலில் தனியாகத் தெரிய வேண்டும் என்று கேட்டால், அதைப் பிளவு என்று சொல்லும் தகுதி மேற்படியில் நிற்கும் நமக்கு இல்லை என்பது எங்கள் கருத்து.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. யார் எந்த வகைப்பாட்டை முன்னால் வைத்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எதைச் சோதித்து இப்படிப் பிரித்தீர்கள்? பிரித்ததால் யாருக்கு லாபம்? பிரிக்கப்பட்டவரிடம் கேட்டீர்களா? ஆதாரம் மாறினால் மாற்றிக்கொள்வீர்களா? தாமிரபரணிக் கெண்டையை இரண்டு முறை இடம் மாற்றியவர்கள் கடைசிக் கேள்விக்கு ஆம் என்பார்கள். வருணத்தை வகுத்தவர்கள் நான்குக்கும் பதில் சொல்ல மாட்டார்கள்.

2011இலிருந்து ஆண்டுதோறும் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்களாக மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் போங்கள். சேரியிலிருந்தும் ஊர்த்தெருவிலிருந்தும் ஆளுக்கு ஒருவரைச் சேர்த்துக் கூட்டிப்போங்கள். ஒரே தொலைநோக்கியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்க்கட்டும். குளத்தில் நிற்பது எந்தச் சிற்றினம் என்று புத்தகத்தைப் புரட்டி அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும். அந்தச் சண்டையில் யார் சொல்வது சரி என்பதைப் பறவையின் அலகும் காலும் முடிவு செய்யும். சொன்னவன் எந்தத் தெரு என்பது அங்கே செல்லாது.